ஒன்பது வோல்ட்

ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு புது பேட்டரி.
கல்யாணமோ கட்சிக் கூட்டமோ சாவோ, அதில் கஞ்சம் கிடையாது.
பழசை நம்பி மைக்கைக் கொடுத்தால்
சரியாகத் தலைவர் பேரில் வந்து குரல் அறும்,
அடி எனக்கு விழும்.
அதனால் கழற்றிய ஒன்பது வோல்ட்டெல்லாம்
பேன்ட் பாக்கெட்டில்.
செத்தது என்று சொல்லித்தான் போடுவேன்.

பவர்குப்பத்தில் கன்னியப்பன் போன அன்றைக்கும் அப்படித்தான்.
லாஞ்ச் எஞ்சின் மெக்கானிக்.
மகள் சடங்குக்கு நான் கட்டிய நாலு பாக்ஸுக்கு
ஆயிரத்து எழுநூறு பாக்கி, ரெண்டு வருஷமாக.
கேட்டால், "ஐஸ் உருகட்டும்டா" என்பான்.
எந்த ஐஸ் என்று கடைசிவரை சொல்லவில்லை.

மெர்வின் கானாவை எடுக்க
ஜெனரேட்டர் வண்டி பின்னால் இருமிக்கொண்டு வர
முன்னால் யாரோ பொரியும் சில்லறையும் இறைத்துப் போனார்கள்.
அஞ்சு ரூபாய் ஒன்று உருண்டு வந்து
என் செருப்பில் முட்டி நின்றது.
பொடிசுகள் பார்க்கவில்லை.
முதல் தவணை என்று சொல்லிக்கொண்டு
எடுத்துப் போட்டேன்,
பேட்டரியும் கடை ஷட்டர் சாவியும் கிடந்த அதே பாக்கெட்டில்.

தெருமுனையில், பெண்கள் திரும்பவேண்டிய இடத்தில்,
பாடையை இறக்கினார்கள். மேளம் நின்றது.
தொடையில் முதலில் எறும்பு.
அப்புறம் யாரோ பீடியை வைத்து அழுத்துவது மாதிரி.
அப்புறம் குதித்தேன்.
அத்தனை சனத்துக்கு நடுவே ஒற்றைக் காலில்,
பாக்கெட்டுக்குள் கையை விட்டும் உதறியும்.

மேளக்காரன் ஒருவன் பழக்கதோஷத்தில் அடிக்க ஆரம்பித்தான்.
"வந்துட்டான்! கன்னியப்பன் வந்துட்டான்!"
எங்கிருந்தோ விபூதி பறந்து வந்து கண்ணில் விழுந்தது.
வேதவள்ளி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.
"இன்னாய்யா வோணும்? சொல்லுய்யா!"
"சாவி!" என்று கத்தினேன்.
கையைச் சுட்டது அதுதானே.
"டூல்ஸ் பொட்டி சாவியா?
மூணு நாளா தேடினுகீறோம், எங்கய்யா வச்ச?"

பாக்கெட்டை வெளியே இழுத்துக் கவிழ்த்தேன்.
மிதிபட்ட சாமந்தி மேல் விழுந்தன மூன்றும்,
பேட்டரியின் மேலுறை சுருங்கி,
கிட்டே போனால் அனல்.

விஷயம் இவ்வளவுதான்.
ஒன்பது வோல்ட்டுக்கு இரண்டு தலையும் ஒரே பக்கம்,
பிளஸ்ஸும் மைனஸும்
ஒரே குழாயடியில் குடம் வைத்த பகையாளிகள் மாதிரி.
மைக்குக்குள் இருந்தால் நடுவில் வேலை இருக்கிறது.
ஒரு குரலைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும்,
நிதானமாகத்தான் போகமுடியும்.
அஞ்சு ரூபாய் குறுக்கே விழுந்தால்
சுமையே இல்லாத ரோடு.
மிச்சமிருந்த அத்தனையும் ஒரே மூச்சில் ஓடும்,
ஓடுவதைத் தவிர வேறு வேலை இல்லாததால்
ஓட்டமே கொதிக்கும்.
பாட்டுக்குப் பத்தாதது
தொடையைப் பொசுக்கப் பத்தும்.
செத்தது என்று நான் சொன்னது
என் வசதிக்கு.

பதினாறாம் நாள் முடிந்து வேதவள்ளி கடைக்கு வந்தாள்.
கழற்றிய பேட்டரிகளின் தலையில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன்.
இப்போதெல்லாம் ஒட்டுகிறேன்.
சில்லறை, சாவி, இரண்டு முனை என்று
ஒன்று விடாமல் சொன்னேன்.
வடுவை மட்டும் காட்டமுடியாது, இடம் அப்படி.
தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள்.
பிறகு,
"வேற ஒண்ணும் சொல்லலியா அவுரு?"

டேப் விரலோடு ஒட்டிக்கொண்டது.
பொட்டி என்ன ஆயிற்று என்றேன்.
"பூட்டினாப்புலதான் கீது."
ஓரம் கறுத்த அஞ்சு ரூபாயை எடுத்து மேசையில் வைத்தேன்.
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
ஒரு விரலால் என் பக்கமே தள்ளினாள்.
"கணக்குல வச்சுக்கோ.
ஐஸ் இன்னும் உருகல."